ரயில் அருங்காட்சியகங்களும் பழைய பாதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீவு கிடைத்தால் மற்றவர்கள் கோயிலுக்கோ கடற்கரைக்கோ போவார்கள். நான் ரயில் எஞ்சின்களை நிறுத்திப் பராமரிக்கும் லோகோ ஷெட்டுக்குப் போவேன். இது தெரிந்தவர்கள் குழந்தைகளோடு எங்காவது கிளம்பும் முன் எனக்குப் போன் செய்வார்கள். கேட்பது எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் பேசிப் பேசி, கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது?

விழுப்புரம்தான் காரணம். மீட்டர் கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம்) காலத்தில் எழும்பூரிலிருந்து வரும் ரயில்களை விழுப்புரம் வரை மின்சார எஞ்சின் இழுத்துவரும். கம்பி அதோடு முடிந்துவிடும். அங்கே அதைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினை மாட்டுவார்கள். பெரியவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தேடி இறங்குவார்கள், நான் பிளாட்பாரத்தின் நுனிக்கு ஓடுவேன். கறுப்பாக ஒன்று பின்னோக்கி மெல்ல வந்து, பெட்டியை முட்டி, பெருமூச்சு விடும். திருச்சி போய்ச் சேரும்போது சட்டைக் காலரில் கரி, கண்ணில் கரித்தூள், முதுகில் அம்மாவின் அடி.

அதைவிட அகலமான பாதையான பிராட் கேஜில் வழக்கமான நீராவிச் சேவை 1995 டிசம்பரோடு முடிந்தது. எழும்பூர் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றது. நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் போனபின், மிச்சம் இருப்பதைத் தேடிப் போக ஆரம்பித்தேன்.

சென்னையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

காலையில் ராயபுரம், அப்புறம் பெரம்பூர் பக்கம் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) அருங்காட்சியகம், சாயங்காலம் எழும்பூர். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. 1853-ல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய மும்பை போரிபந்தரின் அசல் கட்டடம் இன்று இல்லை. ஆகவே இந்தியாவில் மிஞ்சி நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மூத்தது ராயபுரம். வெளியே வரிசையாகத் தூண்கள், உள்ளே உயரமான கூரை. பெரிய கூட்டம் இருக்காது. அரைமணி நேரம் போதும்.

இன்னும் பின்னால் போக ஆசைப்பட்டால், 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரோடு போடக் கல் ஏற்றிவர ஒரு ரயில்பாதை இருந்தது. பார்ப்பதற்கு இன்று ஒன்றும் மிச்சமில்லை. சிந்தாதிரிப்பேட்டையைக் கடக்கும்போது நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 1955-ல் பெட்டி உற்பத்தி தொடங்கியது. அதன் அருகே 2002-ல் திறந்த அருங்காட்சியகம் ஆறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. பெட்டி கட்டும் ஊர் என்பதால் இங்கே எஞ்சினைவிடப் பெட்டிகளைக் கவனமாகப் பாருங்கள். மரப் பெட்டியிலிருந்து இரும்புப் பெட்டிக்கு எப்படி மாறினோம் என்று கண்ணாலேயே புரியும். தண்டவாளத்தில் ஓடவே ஓடாத ஒரு ஃபௌலர் எஞ்சினும் அங்கே நிற்கிறது. அது நிலம் உழ வந்த நீராவி எஞ்சின். பலர் அதை ரயில் எஞ்சின் என்று நினைத்து முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளட்டும்.

எழும்பூர் 1908-ல் திறந்தது. சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கட்டடத்தை விளக்குப் போட்டபின் பார்ப்பதுதான் அழகு, அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான ரயில் அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பூட்டிய கேட்டுக்கு முன் குடும்பத்தோடு நின்ற அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. இரண்டாவது முறை வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

எல்லா எஞ்சினும் கறுப்பாக, பெரிதாக, ஒரே மாதிரிதானே இருக்கிறது? என்னத்தைப் பார்ப்பது?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. முதலில் குனியுங்கள். கூட்டம் முழுக்க எஞ்சினின் முகத்தைப் பார்க்கும், நீங்கள் காலைப் பாருங்கள்.

சக்கரங்களை முன்னாலிருந்து எண்ணுங்கள். சின்னது, பெரியது, சின்னது. 4-6-2 என்று எழுதியிருந்தால் முன்னால் நான்கு சின்னச் சக்கரம், நடுவில் இழுக்கும் சக்கரம் ஆறு, பின்னால் இரண்டு. இழுக்கும் சக்கரங்கள் உங்கள் நெஞ்சு உயரம் இருந்தால் அது வேகத்துக்குச் செய்த பயணிகள் எஞ்சின். குட்டையாக, நெருக்கமாக, எட்டு இருந்தால் சரக்கு இழுத்த மாடு.

அடுத்து எழுத்து. டபிள்யூ என்றால் பிராட் கேஜ், ஒய் என்றால் மீட்டர் கேஜ், இசட் என்றால் இரண்டரை அடி குறுகிய பாதை. இரண்டாவது எழுத்து பி என்றால் பயணிகள், ஜி என்றால் சரக்கு. ஆக டபிள்யூ.பி. என்பது பிராட் கேஜ் பயணிகள் எஞ்சின், துப்பாக்கிக் குண்டு மாதிரி கூம்பு மூக்கோடு இருக்குமே, அது. விழுப்புரத்தில் என் சட்டையைக் கெடுத்தது ஒய்.பி. இந்த எழுத்துக் கணக்கு நீராவியோடு போகவில்லை. இன்று ஓடும் மின்சார எஞ்சினில் டபிள்யூ.ஏ.பி. என்று எழுதியிருப்பதும் இதே வழிதான், நடுவில் வரும் ஏ மின்சாரத்தின் வகையைச் சொல்கிறது.

கடைசியாக, செய்த கம்பெனியின் பலகை. ஊர், வருடம் இரண்டும் அதில் இருக்கும். கிளாஸ்கோ, வின்டர்தூர், நம் நாட்டுச் சித்தரஞ்சன் என்று படித்துக்கொண்டே போனால், யாரிடம் வாங்கினோம், எப்போது நாமே செய்ய ஆரம்பித்தோம் என்பது ஒரு வரிசையிலேயே தெரிந்துவிடும்.

ஊட்டி ரயிலில் எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது?

மேலே ஏறும்போது இழுப்பதில்லை, தள்ளுகிறது. கொக்கி கழன்றால் பெட்டிகள் மலைச்சரிவில் பின்னோக்கி ஓடிவிடக் கூடாது. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருந்தால் அதுவே முட்டுக்கட்டை. கீழே வரும்போதும் அதே இடத்தில் இருந்து பெட்டிகளைத் தாங்கிப் பிடித்தபடி இறங்குகிறது. முன்னால் பாதையைப் பார்க்கவும் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கவும் ஆட்கள் நிற்பார்கள், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கைமாறிக் கைமாறி டிரைவருக்குச் செய்தி போகும். வாக்கிடாக்கி காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள், ஒருமுறை முதல் பெட்டியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நடுவில் இருக்கும் அந்தப் பல் சட்டம் என்ன செய்கிறது?

மேட்டுப்பாளையம் சுமார் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இடையே 46 கிலோமீட்டர்தான். கல்லாறு தாண்டியதும் சரிவு 12-க்கு 1 வரை போகிறது, அதாவது 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற வேண்டும். வழவழப்பான இரும்பின்மேல் வழவழப்பான சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பற்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறும். இரண்டு சட்டங்களின் பற்களும் நேருக்கு நேர் இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்று அமைந்திருக்கும். ஒரு பல் விலகும்போது இன்னொன்று பிடித்திருக்கும். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது.

எஞ்சினும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்ததுதான், எக்ஸ் வகுப்பு. நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. முதல் ஜோடி உபயோகித்து விட்ட நீராவியே அடுத்த ஜோடியை ஓட்டுகிறது. சமதளத்தில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். கல்லாறில் வண்டி மெதுவாகிப் பல் சட்டத்தில் ஏறும் நொடியில் சத்தமே மாறும். ஜன்னலை மூடாமல், பேசாமல், அந்த இடத்தில் ஒரு நிமிடம் காதைக் கொடுங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணத்தில் நான் காத்திருப்பது அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

பல் சட்டத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. இந்த மலைக்கு ரயில் வேண்டும் என்று முதலில் திட்டம் போட்டது 1854-ல். குன்னூருக்கு வண்டி வந்தது 1899-ல், ஊட்டிக்கு 1908-ல். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 'பொம்மை ரயில்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மேலே போவதா, கீழே வருவதா? எந்தப் பெட்டி?

மேலே போவது. கீழே வருவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைவு, ஆனால் எஞ்சின் உழைப்பதைக் கேட்க முடியாது. மேலே போகும்போது முதல் பெட்டி கிடைத்தால் எதிரே தடுப்பில்லாத காட்சி. கடைசிப் பெட்டி கிடைத்தால் காட்சி குறைவு, ஆனால் முதுகுக்குப் பின்னாலேயே எஞ்சின். எனக்குக் கடைசிதான். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் டீ குடிக்க இறங்குவார்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள், குரங்குகளுக்கு நேர அட்டவணை நம்மைவிட நன்றாகத் தெரியும்.

டிக்கெட் கிடைக்கவே இல்லையே?

கோடை விடுமுறைக்கு முன்பதிவு திறந்த அன்றே போய்விடும். பள்ளி நடக்கும் நாட்களில், வாரத்தின் நடுவில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போகலாம், அங்கே டிக்கெட் எளிது. ஆனால் அந்தப் பகுதியில் பல் சட்டம் கிடையாது, டீசல் எஞ்சின்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து நாள்கணக்கில் ரயில் ரத்தாவதும் வழக்கம். அக்டோபர், நவம்பரில் போட்ட திட்டத்துக்கு மாற்றுத் திட்டம் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ரயிலே கிடைக்காவிட்டாலும் ஒரு வழி உண்டு. காலையில் வண்டி புறப்படும் முன் மேட்டுப்பாளையம் நிலையத்தில் பிளாட்பார டிக்கெட் எடுத்து நில்லுங்கள். எஞ்சினைத் தயார் செய்வதையும், பெட்டிக்குப் பின்னால் வந்து மாட்டுவதையும் பார்க்கலாம். பயணம் செய்தவர்களில் பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

நூறு வருட எஞ்சினா இன்னும் ஓடுகிறது? உதிரி பாகத்துக்கு என்ன செய்வார்கள்?

திருச்சி பொன்மலையில் செய்வார்கள். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு 1928-ல் வந்தது. அந்த வருடம் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் செய்ததும், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறை போனதும் இந்த இடமாற்றத்தோடும் ஆள்குறைப்போடும் பிணைந்த கதை. 2011 தொடங்கி அதே பொன்மலையில் ஊட்டிப் பாதைக்குப் புது நீராவி எஞ்சின்களே செய்திருக்கிறார்கள். உலகம் நீராவியைக் கைவிட்டு அரை நூற்றாண்டுக்குப் பின், திருச்சியில் உட்கார்ந்து ஒருவர் அதற்கு பிஸ்டன் கடைகிறார் என்பது எனக்கு எந்த அருங்காட்சியகத்தையும்விடப் பெரிய விஷயம். பணிமனைக்குள் நினைத்தபோது போக முடியாது. திருச்சி ஜங்ஷன் பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். சின்ன இடம்தான். பழைய விளக்கு, கடிகாரம், அட்டை டிக்கெட் மாதிரியான சாமான்கள் பிடிக்குமென்றால் நேரம் போவதே தெரியாது.

டெல்லி அருங்காட்சியகத்துக்காக அவ்வளவு தூரம் போகலாமா?

அதற்காக மட்டும் வேண்டாம். டெல்லிக்கு வேறு வேலையாகப் போனால் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். சாணக்யபுரியில் 1977-ல் திறந்தது.

அங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது, பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள ரயில். 1907 வாக்கில் ஓட ஆரம்பித்தது. வண்டியின் பெரும் பாரம் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் சின்னச் சக்கரங்கள் மேல். சாய்ந்துவிடாமல் இருக்க, ஒரு பக்கம் மட்டும் பெரிய சக்கரம் ஒன்று ரோட்டின்மேல் உருண்டு வரும். நொண்டிக்கு ஊன்றுகோல் கொடுத்தது போல. தொடக்கத்தில் அதைக் கோவேறு கழுதைகளும் இழுத்தன. 1927-ல் மூடிவிட்டார்கள். துருப்பிடித்துக் கிடந்ததை பிற்பாடு கண்டெடுத்துச் சரிசெய்து, இப்போது அவ்வப்போது ஓட்டியும் காட்டுகிறார்கள்.

அடுத்து 'முதலை' எஞ்சின். மும்பைக்கும் புனேவுக்கும் இடையே மலைப்பகுதிக்காக வந்த பழைய மின்சார எஞ்சின். இரண்டு பக்கமும் நீண்ட மூக்கு. அதை ஓட்டிய மும்பைத் தொழிலாளர்கள் நண்டு என்றே கூப்பிட்டார்கள். உள்ளரங்கில் ரயிலோடு மோதிய ஒரு யானையின் மண்டை ஓடும் இருக்கிறது, 1894-ல் நடந்த மோதல். நீலகிரி, பாலக்காடு பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு அது பழங்கதையாகத் தெரியாது.

டெல்லி போனவர்கள் பக்கத்திலுள்ள ரேவாரிக்கும் போய்விடுங்கள். 1893-ல் கட்டிய நீராவி லோகோ ஷெட். 1855-ல் செய்த 'ஃபேரி குயின்' முதல் டபிள்யூ.பி. வரை அங்கே உண்டு. கண்ணாடிப் பெட்டி, சிவப்புக் கயிறு எதுவும் இல்லை. எண்ணெய் வாசம் உண்டு. டெல்லியா ரேவாரியா என்றால் நான் ரேவாரி கட்சி.

மைசூர்?

போகலாம். 1979-ல் திறந்தது, ரயில் நிலையத்துக்கு அருகிலேயே. மகாராணியின் சலூன் பெட்டியும், தண்டவாளத்தில் ஓடும்படி மாற்றிய ஆஸ்டின் காரும் பார்க்க வேண்டியவை. இரண்டு மணி நேரம்.

ஊட்டி போய்விட்டோம். டார்ஜிலிங்கும் சிம்லாவும் அதே மாதிரிதானே?

இல்லவே இல்லை. மூன்று மலை, மூன்று புத்தி.

நீலகிரியில் பல் வைத்து ஏறினார்கள். டார்ஜிலிங்கில் (1881) பல் கிடையாது. இரண்டடி அகலப் பாதையைச் சுருட்டி வளையம் போட்டார்கள். வளையத்துக்கும் இடமில்லாத இடத்தில் வண்டி முன்னால் போய், பின்னால் ஏறி, மறுபடி முன்னால் போகும். ஈரத்தில் சக்கரம் வழுக்கினால் எஞ்சின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் தண்டவாளத்தில் கையால் மணல் தூவுவார். இப்படியே 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம் நிலையம் வரை போய்விட்டார்கள். கல்கா - சிம்லாவில் (1903) சுற்றி வளைப்பதோடு மலையைக் குடைந்துகொண்டும் போனார்கள். 96 கிலோமீட்டரில் 102 குகை. அவற்றில் பெரிது பரோக், ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

டார்ஜிலிங்கில் ரயில் கடைகளின் வாசலை உரசிக்கொண்டு ஓடுகிறது. துணி காயப்போட்ட கொடியை ஒருவர் ஜன்னலுக்கு வெளியே நகர்த்திப் பிடித்ததை நானே பார்த்தேன். ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் டார்ஜிலிங். மழைக்காலத்தில் வேண்டாம்.

அருங்காட்சியகமே இல்லாத, ஆனால் பார்க்க வேண்டிய இடம்?

பாம்பன். 1914-ல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி அந்தக் காலத்தில் இரண்டு இறக்கையாகப் பிரிந்து மேலே எழும், தொழிலாளர்கள் கையால் நெம்பித் திறப்பார்கள். கப்பல் போனபின் மறுபடி மூடுவார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தது. இதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. புதுசு சௌகரியம்தான். ஆனால் பழையதில் ரயில் ஊர்ந்த வேகத்தில் கீழே தண்ணீரைப் பார்த்தபடி போனவர்களுக்கு இது வேறு பயணம்.

அங்கிருந்து தனுஷ்கோடி. எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் ஒரு காலத்தில் தனுஷ்கோடி வரை வரும். அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார், மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு. 1964 டிசம்பர் 22 இரவில் புயல் அலை ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ம் எண் பாசஞ்சரையும், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கொண்டுபோனது. நிலையத்தின் இடிந்த சுவர்கள் மணலில் நிற்கின்றன. அதன்மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றுவதில்லை, தள்ளிப் போய் நிற்பேன்.

போட்டோ எடுக்கலாமா?

அருங்காட்சியகங்களில் எடுக்கலாம், கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருந்தால் கட்டிவிடுங்கள். ஓடும் பாதையில், ஷெட்டில், பணிமனையில் கேட்டுவிட்டு எடுங்கள். தண்டவாளத்தில் இறங்கி நின்று எடுக்கவே வேண்டாம். மின்சார எஞ்சின் சத்தமே இல்லாமல் வந்துவிடும். அந்தக் காலக் கரி எஞ்சின் மாதிரி ஒரு மைல் முன்னால் சொல்லிவிட்டு வராது.

அருங்காட்சியகங்களில் உங்களுக்குப் பிடிக்காதது?

பெயின்ட். ஆய்வுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் போதும், எஞ்சின் மேல் இன்னொரு பூச்சு. ஒரு அருங்காட்சியகத்தில் செய்த கம்பெனியின் பலகைமேல் எத்தனை பூச்சு ஏறியதோ, எழுத்தே மூடிப்போய்விட்டது. விரலால் தடவித் தடவி வருடத்தைப் படித்தேன். பக்கத்தில் நின்ற காவலாளி, "தொடாதீங்க சார்" என்றார். அவர் சொன்னது சரிதான். கையை எடுத்துவிட்டேன், ஆனால் அதற்குள் நான்கில் மூன்று எண் கிடைத்துவிட்டது.

நான்காவது எண்?

இன்னொரு முறை போக வேண்டும். திங்கட்கிழமை இல்லாமல்.